நோகுதோ, நோகுதோ

“நெஞ்சு நோகுது” என்றார் சம்பந்தி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால், மண்ணைக் குவித்து இறுக்கிக் கட்டிய மேடையில், ஜப்பானிலிருந்து வந்திருந்த சுமோ மல்லர்கள் இருவர் குந்தி உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன் அவர்கள் அள்ளி வீசிய உப்பு மேடையில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. அரங்கம் முழுக்க ஒரு இனிப்பு வாசனை. மல்லர்கள் கொண்டைக்குத் தடவும் எண்ணெய் மெழுகின் வாசனை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“எனக்கும்தான் நோகுது, சார்” என்றேன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதைவிடக் கேவலமான ஒரு பதிலை என் ஆயுசில் நான் யாருக்கும் சொன்னதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரத்துப் பக்கங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி நன்றாக இருக்கிறார். இன்று காலைகூட போனில் என்னைக் கிண்டல் செய்தார். ஆகவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டாம். நான் கட்டிக்கொண்டிருந்ததே இரண்டு குடும்பத்துக்குப் போதும்.

ஓம் என்றால் ஓம்

என் மகள் அபி நியூசிலாந்தில், இந்த ஊரிலேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஜாதி. அவள் ஒருநாள் கஜன் என்ற பையனைப் பற்றிச் சொன்னாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா சிவபாலன், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளர். நாங்கள் திருச்சிக்காரர்கள், பாபகூராவில் வீடு. நல்ல இடம், நல்ல பையன், எங்களுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை.

அவர்கள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை மறக்க முடியாது. பேச்சை யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லோரும் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி மாலாதான் துணிந்து, “எங்க பொண்ணை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றார் சிவபாலன், கண்ணை மூடித் தலையை ஆட்டி.

மாலா சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மனிதர் ஏதோ ஸ்லோகம் ஆரம்பிக்கிறார் என்று நினைத்தாளாம். அவர்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இலங்கைத் தமிழர்களோடு பழகியும் அந்தப் பதற்றத்தில் அவளுக்கு அது மறந்துபோயிற்று. அடுத்தது என்ன ஸ்லோகம் என்று அவள் காத்திருக்க, இவள் ஏன் நம்மைக் கும்பிடுகிறாள் என்று அவர் விழிக்க, கஜன்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெண்கள் சமையலறைக்குப் போனபின் நாங்கள் இருவரும் தனியாக விடப்பட்டோம். நான் டிவியைப் போட்டேன். ஏதோ ஒரு சேனலில் சுமோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கிறாரே என்று நான் மாற்றவில்லை. நான் பார்க்கிறேனே என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. இப்படியே ஒரு மணி நேரம் இருவரும் மரியாதைக்குச் சுமோ பார்த்தோம். காப்பி கொண்டுவந்த கஜன், இரண்டு அப்பாக்களுக்கும் சுமோ என்றால் உயிர் என்று முடிவுகட்டிவிட்டான். நாங்கள் அரங்கத்தில் போய் உட்கார்ந்ததற்கு விதை அன்று விழுந்ததுதான்.

ஆவன்னாவா, ஓனாவா

கல்யாண வேலைகள் வழுக்கிக்கொண்டு போயின. முகூர்த்தம், சாப்பாடு, கூறைப்புடவை, எதிலும் சண்டை இல்லை. சண்டை வந்தது பத்திரிகையில். அதுவும் ஒரே ஒரு எழுத்தில்.

நான் ஆக்லாந்து என்று எழுதி அனுப்பினேன். அவர் அதை ஒக்லாந்து என்று திருத்தி அனுப்பினார். நான் மறுபடி ஆக்லாந்து ஆக்கினேன். மறுநாள் போன் வந்தது.

“வாயைத் திறந்து ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ சம்பந்தி. வெள்ளைக்காரன் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. அதில ஆவன்னா எங்க கிடக்கு?”

“அப்ப ஆஸ்திரேலியாவ என்ன ஒஸ்திரேலியான்னா எழுதுவீங்க?”

“நாங்கள் அவுஸ்திரேலியா எண்டுதான் எழுதுறனாங்கள்.”

இதில் வேடிக்கை, பத்திரிகையில் பெயர் போடப்போகிற மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தமிழ் எழுத்தே வாசிக்கத் தெரியாது. ஆவன்னா போட்டாலும் ஓனா போட்டாலும் அவர்களுக்கு எல்லாம் ஒரே கோலம்தான்.

என் உத்தியோகம் மென்பொருள் சோதனை. மற்றவன் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. முப்பது வருஷம் அதைச் செய்தவனுக்கு ஒரு எழுத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது. மூன்றாவது போனில் எனக்குக் கோபம் தலைக்கேறி, “பத்திரிகை எங்க ஊருக்கும் போகுது. தப்புத் தமிழ்ல அடிச்சு அனுப்ப முடியாது சார்” என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை சம்பந்தி என்று கூப்பிட்டவரை அன்றுதான் முதன்முறையாக சார் என்றேன். அவர் “சரி” என்று வைத்துவிட்டார்.

ஒரு பையும் இரண்டு கைக்குழந்தைகளுமாக ஊரைவிட்டு வெளியேறி, மூன்று நாட்டில் காத்துக்கிடந்து, இங்கே வந்து சேர்ந்தவர் அவர். பேசிய மொழிக்காகத்தான் அத்தனை பாடும். அவரிடம் போய் உங்கள் தமிழ் தப்பு என்றேன். வைத்த உடனேயே உறைத்தது. ஆனால் உறைப்பது வேறு, திருப்பிக் கூப்பிடுவது வேறு. நான் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. மூன்று வாரம் பத்திரிகை அச்சுக்குப் போகாமல் கிடந்தது.

பிள்ளைகள் அப்போதுதான் இரண்டு டிக்கெட் வாங்கினார்கள். ஜப்பானிலிருந்து சுமோ குழு வருகிறது, ஆல்பனியில் ஓர் உள்ளரங்கத்தில் சனிக்கிழமை மத்தியானம் காட்சி. “ஜஸ்ட் கோ, அப்பா. போத் ஆஃப் யூ லவ் இட்” என்றாள் அபி. எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியுமா? சொன்னால், பிடிக்காததை அன்றைக்கு ஏன் ஒரு மணி நேரம் பார்த்தாய் என்ற கதை வரும்.

பாலத்தைத் தாண்டி

பாபகூராவிலிருந்து ஆல்பனிக்குப் போவதென்றால் ஊரைத் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிவரை அளப்பது. நான்தான் கார் ஓட்டினேன். வழியில் அவரை ஏற்றிக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கையில் ஒரு சின்னப் பையில் அவர் மனைவி உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்துக் கொடுத்தனுப்பிய ரோல்ஸ். முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டவர், “டிராபிக் இல்லைப் போல” என்றார். “ஆமா” என்றேன். பாலம் வந்தபோது, “காத்து” என்றார். “ஆமா, காத்து” என்றேன். முழுப் பயணத்துக்கும் பேச்சு அவ்வளவுதான்.

நடுவில் ஒருமுறை கண்ணாடியை இறக்கி மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். கடல்காற்று வாங்குகிறார் என்று நினைத்தேன்.

அரங்கத்தில் நல்ல கூட்டம். ஜப்பானியக் குடும்பங்கள், சமோவா, டோங்கா ஆட்கள், பிள்ளைகுட்டிகளோடு வெள்ளைக்காரர்கள். தமிழ் முகம் எங்களைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏழாவது வரிசையில், படிக்கட்டை ஒட்டி எங்கள் இடம். மல்லர்கள் மேடைக்குப் போகும் வழி அந்தப் படிக்கட்டின் அடியில்தான். ஒவ்வொருவரும் கடந்துபோகும்போது அந்த இனிப்பு வாசனை கூடும்.

டிவியில் தெரியாத ஒரு விஷயம் நேரில் தெரிந்தது. சுமோவில் ஆரம்பி என்று யாரும் சொல்வதில்லை. பட்டு அங்கி போட்ட நடுவர் கையில் விசிறியோடு நிற்பார், அவ்வளவுதான். மல்லர்கள் இரண்டு பேரும் தாங்களாகவே கையை மண்ணில் ஊன்ற வேண்டும். ஒருவர் ஊன்றி மற்றவர் ஊன்றாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மறுபடி உப்பு, மறுபடி முறைப்பு. மோதுவதற்கே இரண்டு பேருக்கும் மனசு ஒத்துவர வேண்டியிருக்கிறது.

எங்கள் இருவரில் யாரும் இன்னும் கையை ஊன்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஊன்றினால் குறைந்தா போய்விடுவோம் என்றும் நினைத்தேன். ரோல்ஸ் பையை அவர் திறக்கவே இல்லை. அதையும் கோபத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் சொன்னார், நெஞ்சு நோகுது என்று.

எங்கள் பக்கம் உடம்பு வலிக்கும், மனசு நோகும். காலோ வயிறோ என்றால் வலிக்கிறது என்போம். ஒருவர் சொன்ன சொல்லால்தான் நோகும். ஆகவே என் காதில் விழுந்தது, “நீ சொன்னது என் மனசைப் புண்படுத்திவிட்டது” என்பதுதான். தப்புத் தமிழ் என்று சொன்னதற்கு மூன்று வாரம் கழித்து, ஆயிரம் பேர் நடுவில் நியாயம் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்ததோடு நிற்காமல் எதிர்ப்பேச்சும் பேசியது. எனக்கும்தான் நோகுது, சார்.

கை எப்படி நோகும்?

அதற்குப்பின் மூன்று ஜோடிகள் மோதின. கால்மணி நேரத்துக்குக் குறையாது. உப்பு வீசினார்கள், காலைத் தூக்கி மிதித்தார்கள், முட்டினார்கள். ஒருவன் இன்னொருவனை விளிம்பில் வைத்துத் தள்ள, அவன் குதிகாலை வளையத்துக் கயிற்றில் பதித்து நின்றான். நடுவர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டு உரக்கக் கத்தினார். “நொகொத்தா, நொகொத்தா, நொகொத்தா.”

பக்கத்தில் சம்பந்தியின் குரல் மெதுவாக வந்தது.

“கேட்டியளோ? அந்த மனுசன் கேக்கிறான், நோகுதோ நோகுதோ எண்டு. நீங்கள்தான் ஒண்டும் கேக்கேல்லை.”

குத்திக்காட்டுகிறார் என்றே அப்போதும் நினைத்தேன். நடுவரைக்கூடத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறாரே என்று எரிச்சல் வேறு. பதிலுக்கு ஒரு குத்தல் தயார்செய்து வைத்துக்கொண்டு திரும்ப இருந்தேன்.

“இப்ப கையும் நோகுது” என்றார்.

கை.

மனசு நோகலாம். கை எப்படி நோகும்?

திரும்பினேன். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடும் மார்போடும் ஒட்டிக்கிடந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை காதோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் இடது கையைப் பிடித்து மடியில் வைத்திருந்தார், வேறு யாருடையதோ கையை வைத்திருப்பதுபோல. அவர்கள் ஊரில் உடம்பும் நோகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சம்பந்தி” என்று கத்தினேன். மூன்று வாரத்துக்குப்பின் அந்தச் சொல் வந்தது. எனக்கு இடப்பக்கம் இருந்த சமோவா அம்மாள் ஒரு பார்வைதான் பார்த்தார், உடனே எழுந்து நின்று இரண்டு கையையும் உயர்த்தி ஆட்களைக் கூப்பிட்டார். அவர் குரலுக்கு அரங்கமே திரும்பியது. நான் சம்பந்தியின் சட்டைப் பித்தானைக் கழற்றப்போய் ஒன்றைப் பிய்த்துவிட்டேன்.

முதலுதவிக்காரப் பெண்கள் இருவர் படிக்கட்டின் அடிவரை சக்கரக் கட்டிலோடு ஓடிவந்துவிட்டார்கள். அதற்குமேல் கட்டில் ஏறாது. ஒரு பெண் மட்டும் ஏறிவந்து மாத்திரை ஒன்றை மென்று விழுங்கக் கொடுத்து, “இவரை நடக்க விடாதீர்கள்” என்றார். நடக்கவும் கூடாது, கட்டிலும் வராது, நான் தூக்கினால் இருவருமாக உருள்வோம்.

படிக்கட்டின் அடியில் அடுத்த மோதலுக்குக் காத்திருந்த ஒரு மல்லன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இளவயசு. இடுப்பில் கறுப்புத் துணிப்பட்டை தவிர வேறொன்றும் இல்லை. துண்டைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு படியேறி வந்தான். நிகழ்ச்சிக்காரர் ஒருவர் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலை குனிந்தான். பிறகு ஒரு கையைச் சம்பந்தியின் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கீழே கொடுத்துத் தூக்கினான். தூங்கிப்போன பிள்ளையைக் காரிலிருந்து எடுப்பதுபோல அத்தனை மெதுவாக எடுத்தான். படிப்படியாக இறங்கிக் கட்டிலில் கிடத்தினான். மறுபடி தலை குனிந்தான். துண்டை வாங்கித் தோளைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றுகொண்டான்.

அரங்கம் கைதட்டியது. நான் கட்டிலின் பின்னால் ஓடினேன், கையில் ரோல்ஸ் பையோடு. அதை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரே மொழிதானே?

ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்திருந்தது. உள்ளே ஏற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டே அந்த ஆள் என்னைக் கேட்டார்: “வலி எப்போது தொடங்கியது என்று சொன்னார்?”

“இப்போதுதான்” என்றேன்.

பொய். வாயிலிருந்து தானாக வந்த பொய். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதப் போனார். அந்தப் பேனா தாளில் ஓடத் தொடங்கியது. முப்பது வருஷம் எத்தனையோ பேரிடம் சரியான நேரத்தைப் பதிவுசெய், இல்லையென்றால் பிழையைப் பிடிக்க முடியாது என்று உபதேசம் செய்தவன் நான்.

“இல்லை. தப்பாகச் சொன்னேன். இருபது நிமிஷம் முன்னாலேயே என்னிடம் சொன்னார். எனக்குப் புரியவில்லை.”

அவர் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார். பிறகு குற்றம் சொல்லும் குரலே இல்லாமல் கேட்டார்: “நீங்கள் இரண்டு பேரும் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள்?”

“ஆமாம்” என்றேன். “ஒரே மொழிதான்.”

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க நோகுது, இப்ப நோகுதா, நோகுதா” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளே லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது.

ரத்தக்குழாயில் ஒரு அடைப்பு. நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கஜனும் அவன் அம்மாவும் அபியும் மாலாவும் ஒருவர்பின் ஒருவராக ஓடிவந்தார்கள். சம்பந்தியம்மா என்னிடம், “உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ அவர்?” என்று கேட்டார். வாசகர்களே, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். நெஞ்சு நோகுது என்றார், கோபித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன், பதிலுக்கு நானும் முறைத்துக்கொண்டேன் என்று.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டும் ஒரே விசர்தான்” என்றார். விசர் என்றால் பைத்தியம். அந்த நிமிஷத்தில் எனக்கு யாரும் அதைவிட இதமாக எதுவும் சொல்லியிருக்க முடியாது.

வெளிச்சம் இருக்கும்போதே டாக்டர் வெளியே வந்தார். குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று, இதயத்துக்குப் பெரிய சேதம் இல்லை, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். சரியான நேரம் என்ற சொல் என்னை என்னவோ செய்தது. சுவரோரம் போய் நின்றுகொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கினால் மூச்சு அப்படித்தான் வெளியே வரும்.

அதன்பிறகு ஆறுபேரும் அந்த ரோல்ஸைத் தின்றோம். ஆறாவது ஆள், அங்கே குப்பைத்தொட்டி மாற்ற வந்த டோங்கா மனிதர். எல்லோரும் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கும் இடத்தில் அவரை மட்டும் எப்படி விட்டுவிடுவது?

அதுவும் நொந்ததுதான்

மறுநாள் மத்தியானம் என்னை உள்ளே விட்டார்கள். தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“அந்தப் பெடியன் வெண்டவனோ?”

“எந்தப் பெடியன்?”

“என்னைத் தூக்கினவன். என்ன மாதிரி வாசம் அவனில. அவன்ர சண்டை என்ன ஆச்சு?”

எனக்கு எங்கே தெரியும்? “ஜெயிச்சுட்டான் சம்பந்தி” என்றேன். அந்த இரண்டு நாளில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. இதைத் திருத்த உத்தேசம் இல்லை.

அவர் திருப்தியாகக் கண்ணை மூடினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாராவது ஒருவர் முதலில் கையை ஊன்றித்தானே ஆகவேண்டும்.

“நீங்க நெஞ்சு நோகுதுன்னு சொன்னப்ப, நான் அன்னைக்கு தப்புத் தமிழ்னு சொன்னேனே, அதத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன் சம்பந்தி. அதான் அப்படிப் பேசிட்டேன்.”

கண்ணைத் திறந்தார். ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்து, வயிறு குலுங்கச் சிரிக்கப் போய், சிரிக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அதுவும் நொந்ததுதான்” என்றார். “ஆனா அதுக்கு அம்புலன்ஸ் தேவையில்லை.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நோகுது என்று சொன்னாரே, அதே இடது கை. மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பத்திரிகை

சம்பந்தி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து நாங்கள் எல்லோரும் அவரைப் பார்க்கப் போனோம். நான் தாளும் பேனாவுமாகப் போனேன். “ஒக்லாந்துன்னே போடுங்க சம்பந்தி, நீங்க சொன்னதுதான் உச்சரிப்புக்குச் சரி” என்றேன்.

“இல்லை, இல்லை. ஆக்லாந்து எண்டே போடுவம். பாக்க வடிவாயிருக்கு.”

“அது எப்படி? உங்க பக்கத்து ஆளுங்க என்ன நினைப்பாங்க?”

“உங்கட ஆக்கள் என்ன நினைப்பினம்?”

குரல்கள் ஏறத் தொடங்கின. அபி அப்பாக்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஆர் தே ஃபைட்டிங் அகெய்ன்?” என்று கேட்டாள். மாலா பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி, ஊர்ப் பெயரையே அடித்துவிட்டாள். கல்யாண மண்டபம் பாபகூராவில். பாபகூரா, நியூசிலாந்து என்று எழுதினாள்.

சம்பந்தி அந்தப் பாபகூராவை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தியம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கிளம்பும் நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். அன்று அரங்க வாசலில் இருவருக்கும் கொடுத்த நிகழ்ச்சிக் குறிப்பு. என்னுடையது எங்கே போயிற்றோ. அவருடையது சட்டைப்பையில் சுருண்டு ஆம்புலன்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி போய், வீடு திரும்பியிருந்தது.

“இதில அர்த்தம் போட்டிருக்கிறான். நான் நினைச்சன் அவன் என்னைத்தான் நோகுதோ எண்டு கேக்கிறான் எண்டு. அவன் கேக்கேல்லை. சொல்லுறான். வாசியுங்கோ.”

வாசித்தேன். மல்லர்கள் மோதும்போது நடுவர் விடாமல் கத்தும் சொல் அது. விளிம்புவரை தள்ளப்பட்டவன், தான் தோற்றுவிட்டோமோ என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகக் கத்துகிறாராம். இன்னும் இருக்கிறாய், இன்னும் வளையத்துக்கு உள்ளேதான் இருக்கிறாய் என்று அர்த்தமாம்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, பிழை ஒன்றும் இல்லை, நான் இரண்டுமுறை பார்த்துவிட்டேன். தினமும் காலையில் அவர் நடந்துவிட்டு வரும் நேரத்துக்கு நான் போன் செய்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி எப்படி இருக்கீங்க என்று கேட்பதை விட்டுவிட்டேன். அவர் தமிழில்தான் கேட்கிறேன்.

“நோகுதோ, சம்பந்தி?”

“நொகொத்தா” என்கிறார்.